நடுவில் வைத்த ஏழு நூல்கள்

ஆர்.சி. கோவில் கல்யாணத்துக்கு வரும் சி.எஸ்.ஐ. சொந்தக்காரர்களும் லுத்தரன் சொந்தக்காரர்களும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மணமக்களை முன்வரிசையில் உட்கார வைத்தாகிவிட்டது. பாடகர் குழு ஓய்ந்ததும் ஒரு பெண் எழுந்து போய், "தோபித்து நூலிலிருந்து வாசகம்" என்று தொடங்குகிறார். மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் தன் கறுப்பு அட்டை வேதாகமத்தை எடுத்துப் புரட்டுகிறார். எஸ்றா, நெகேமியா, எஸ்தர், யோபு. மறுபடியும் முன்னாலிருந்து பார்க்கிறார். பிறகு பக்கத்தில் இருக்கும் சம்பந்தியிடம் குனிந்து, "என்னங்க சம்பந்தி, எங்க வேதத்துல இப்படி ஒரு ஆகமமே கிடையாதே?" என்கிறார். சம்பந்திக்கும் பதில் தெரியாது. "எங்கள்ல உண்டுங்க" என்பதோடு முடித்துக்கொள்வார்.

திருக்காட்டுப்பள்ளி, பூதலூர், பூண்டி வட்டாரத்தில் இந்தக் காட்சிக்குப் பஞ்சமில்லை. குடமுருட்டி காவிரியை விட்டுப் பிரியும் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கொஞ்ச தூரத்தில் பூண்டி மாதா கோவில் இருக்கிறது. இந்தப் பக்கம் தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயர் கோவில் இருக்கிறது. காவிரி கடலைத் தேடிப் போகும் திசையில் போனால் தரங்கம்பாடி. மூன்றுக்கும் இடையில் பெண் கொடுத்து, பெண் எடுத்து வாழும் குடும்பங்கள் நிறைய. ஒரே ஏசு, ஒரே ஞானஸ்நானம், ஒரே கர்த்தர் கற்பித்த ஜெபம். வேதப் புத்தகத்தில் மட்டும் ஒரு வீட்டில் 66 நூல்கள், இன்னொரு வீட்டில் 73.

அதிகமாக இருக்கும் அந்த ஏழு: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் முதல் நூல், இரண்டாம் நூல். எஸ்தரிலும் தானியேலிலும் சில கூடுதல் பகுதிகளும் உண்டு. புராட்டஸ்டண்டுகள் இவற்றைத் 'தள்ளுபடி ஆகமங்கள்' என்பார்கள். கத்தோலிக்கர் 'இணைத் திருமுறை நூல்கள்' என்பார்கள். இந்த ஏழும் தமிழுக்கு வந்து, தொலைந்து, திரும்பி வந்த வழியைப் பார்த்தால், பிரிந்த திருச்சபைகள் ஒன்றாவது பற்றி ரோமாபுரி இன்று என்ன சொல்கிறது என்பது எந்த மறையுரையையும்விடத் தெளிவாகப் புரியும்.

முதலில் அந்தத் தோபித்துக் கதை. நினிவே நகரத்தில் அடிமைப்பட்டு வாழும் ஒரு நல்ல மனிதர். அநாதைப் பிணங்களை ராஜ கட்டளையையும் மீறி அடக்கம் செய்கிறவர். ஒரு நாள் ராத்திரி சுவரோரம் படுத்திருக்கும்போது குருவி எச்சம் கண்ணில் விழுந்து பார்வை போகிறது. கொடுத்த பணத்தை வாங்கி வர மகன் தோபியாவைத் தூர தேசத்துக்கு அனுப்புகிறார். வழித்துணைக்கு ஒரு ஆள் வருகிறார். அவர் ரபேல் என்னும் வானதூதர் என்பது பையனுக்குத் தெரியாது. கூடவே ஒரு நாயும் போகிறது. வழியில் ஆற்றில் ஒரு மீன் பிடிபடுகிறது. ஏழு முறை தாலி கட்டியும் ஏழு புருஷனையும் முதலிரவிலேயே பறிகொடுத்த சாரா என்ற பெண்ணைத் தோபியா கல்யாணம் செய்துகொள்கிறான். அவனும் சாவான் என்று மாமனார் ராத்திரியே குழி வெட்டி வைக்கிறார்! பிள்ளைகள் இருவரும் எழுந்து நின்று ஜெபம் பண்ணிவிட்டுத் தூங்குகிறார்கள். அந்த ஜெபம்தான் கல்யாணக் கோவிலில் வாசிக்கப்படுவது. ஊர் திரும்பியதும் மீனின் பித்தம் அப்பாவின் கண்ணைத் திறக்கிறது. மொத்தம் 14 அதிகாரம். நம் ஊர்க் கிழவிகள் கேட்டால் விடமாட்டார்கள்.

கதை யூதர்களுடையது. ஏசுவுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பு எழுதப்பட்டு, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிரேக்க மொழி பேசிய யூதர்களின் வேதத் தொகுப்போடு சேர்ந்து பரவியது. ஆதிக் கிறிஸ்தவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் அந்தக் கிரேக்கத் தொகுப்பு. பிற்பாடு யூத ரபிகள் எபிரேய நூல்களை மட்டும் தங்கள் திருமுறையாகக் கொண்டபோது இந்த ஏழும் வெளியே நின்றன. கி.பி. 400 வாக்கில் லத்தீனில் மொழிபெயர்க்க உட்கார்ந்த புனித ஜெரோமுக்கும் இவற்றின் மீது பெரிய மதிப்பு இல்லை. ஆயர்கள் வற்புறுத்தியதால் தோபித்தை ஒரே நாளில் முடித்துக் கொடுத்தேன் என்று முன்னுரையிலேயே எழுதி வைத்தார். அரமாயிக் மொழி தெரிந்த ஒருவர் எபிரேயத்தில் சொல்லச் சொல்ல, இவர் லத்தீனில் சொல்லி எழுத வைத்தாராம். ஜெரோமின் சலிப்பையும் தாண்டி நூல் பிழைத்துக்கொண்டது. 1952இல் சாக்கடலோரம் கும்ரான் குகையில் தோபித்தின் அரமாயிக், எபிரேயத் துண்டுகள் கிடைத்தன. கிரேக்கத்தில் மட்டுமே இருந்த நூல் என்ற பழைய வாதம் அதோடு விழுந்தது.

1534இல் மார்ட்டின் லுத்தர் முழு ஜெர்மன் வேதாகமத்தை வெளியிட்டபோது இந்த நூல்களைத் தூக்கி எறியவில்லை. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் தனியாக அடுக்கினார். வேதத்துக்குச் சமமில்லை, ஆனாலும் படிக்க நல்லவை, பயனுள்ளவை என்று தலைப்பிலேயே சொன்னார். அதற்கு எதிராக 1546 ஏப்ரல் 8ஆம் தேதி திரெந்து பொதுச்சங்கம், இவையும் மற்றவற்றைப் போலவே திருமறை நூல்கள்தான் என்று அறுதியிட்டது. சண்டை வெறும் பட்டியலைப் பற்றியது அல்ல. மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தில், போரில் செத்தவர்களின் பாவம் நீங்கப் பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லி யூதா மக்கபே காணிக்கை அனுப்புகிறார். செத்தவர்களுக்காகப் பூசை வைப்பதும், உத்தரிக்கிற ஸ்தலமும் வேதத்தில் எங்கே என்று கேட்டால் கத்தோலிக்கர் விரல் வைக்கும் இடம் அது. அந்தப் புத்தகமே வேதமில்லை என்றால் வாதமும் அங்கேயே முடிந்தது.

இனி நம் ஊர்க் கதை. 1706 ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கினார். 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் ஆகப் பெரியவை, காகிதத்தைத் தின்றன. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கிப் பொறையாரிலேயே சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள். 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்த சீகன்பால்க் 1719இல், 36 வயதில் இறந்தார். மிச்சத்தை முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. 1723 முதல் பகுதி பகுதியாக அச்சேறிய அந்தப் பழைய ஏற்பாட்டின் கடைசிப் பகுதி 1728இல் வந்தது. அதில் இருந்தவை இந்தத் தள்ளுபடி ஆகமங்கள்தாம்.

இதை ஆர்.சி. வாசகர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தோபித்தையும் மக்கபேயரையும் தமிழில் முதலில் அச்சிட்டுத் தந்தவர்கள் லுத்தரன்காரர்கள். தங்கள் குரு லுத்தர் வைத்த முறைப்படி, வேதத்துக்குச் சமமில்லை என்ற நினைப்போடுதான் அச்சிட்டார்கள், ஆனால் அச்சிட்டார்கள். அவற்றைத் திருமறை என்று திரெந்தில் அடித்துச் சொன்ன திருச்சபை, 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட திருச்சபை, அடுத்த 100 ஆண்டுகளுக்கும் மேல் அவற்றைத் தமிழ் அச்சில் மக்கள் கையில் கொடுக்கவில்லை. மறைக்கல்வி நூல், செப நூல், புனிதர் வரலாறு எல்லாம் வந்தன. வேதப் புத்தகம் மட்டும் வரவில்லை. சாமியார் படித்துச் சொன்னால் போதும் என்ற நினைப்பு.

அந்தக் காலத்துக் கத்தோலிக்கத் தரப்பு கொள்ளிடத்துக்கு அக்கரையில், ஏலாக்குறிச்சியில் உட்கார்ந்திருந்தது. வீரமாமுனிவர் அங்கிருந்துதான் தரங்கம்பாடிக்குப் பதில் எழுதினார். வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய மூன்றும் அந்தச் சண்டையில் பிறந்தவை. தேம்பாவணி பாடிய வாய் அல்லவா, தரங்கம்பாடித் தமிழைப் பார்த்து அவர் செய்த கேலி சாதாரணமானது அல்ல. மணியைச் சேற்றில் புதைத்துவிட்டார்கள் என்ற ரீதியில் வெளுத்து வாங்கினார். இலக்கணப்படி அவர் சொன்னது சரிதான். சூல்ட்சேயின் தமிழை இன்றைக்குப் படிக்கிறவர்கள் அவருக்குப் பரிந்து பேசுவது கடினம். ஆனால், "சரி முனிவரே, நீங்கள் ஒன்று எழுதித் தாருங்கள்" என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. தமிழின் மிகச் சிறந்த உரைநடைக்காரர்களில் ஒருவர், வேதத்தை மொழிபெயர்த்தவர்களைத் திருத்துவதில் பொழுதைச் செலவிட்டார், வேதத்தை மொழிபெயர்க்கவில்லை. தமிழுக்கு அது பெரிய நஷ்டம். அன்றைய ஆர்.சி. மக்கள் லுத்தரன்காரர்களை அழைத்த பெயர் 'பதிதர்'. அவர்கள் இவர்களைச் சொன்னது விக்கிரகக்காரர்கள். இப்படித்தான் காவிரிக்கரை ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் இருந்தது.

அச்சு யந்திரத்துக்கு மட்டும் அந்த ரோசம் கிடையாது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக் கவர்னர் மாளிகையில் கிடைத்த ஒரு அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அதை நடத்தத் தெரிந்தவர் வேப்பேரியில் இருந்த லுத்தரன் ஊழியர் பப்ரிசியுஸ். கம்பெனி வேலையையும் செய்து தரும் ஒப்பந்தத்தில் அது அவரிடம் போயிற்று. கத்தோலிக்க அரசரின் அச்சுப்பொறி புராட்டஸ்டண்ட் வேலை பார்த்தது.

அந்த ஏழும் தொலைந்தது இங்கே யாரும் செய்த முடிவால் அல்ல. லண்டனில் 1804இல் தொடங்கிய பிரிட்டிஷ், அன்னிய வேதாகமச் சங்கம் உலகம் முழுக்க வேதம் அச்சிடப் பணம் கொடுத்து வந்தது. தள்ளுபடி ஆகமங்களைச் சேர்த்து அச்சிடக் காசு தரக்கூடாது என்று ஸ்காட்லாந்து நன்கொடையாளர்கள் கிளம்பினார்கள். சச்சரவு வலுத்து 1826இல் சங்கம் அப்படியே தீர்மானம் போட்டது. சென்னையில் 1820 முதலே அதன் கிளை இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தமிழ் வேதாகமத்தை மறுபடி மறுபடி திருத்தியவர்களுக்குச் செலவழித்த கை அந்தச் சங்கம். ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முடிந்து, இன்றுவரை சபைகள் கையில் இருக்கும் ஐக்கிய மொழிபெயர்ப்பில் 66 நூல்கள்தாம். இந்த மண்ணில் தோபித்தைப் பற்றி யாரும் விவாதித்து முடிவெடுத்ததாகச் சொல்ல முடியாது. எடின்பரோ பணப்பை மூடியது, தஞ்சாவூரில் ஒரு கதை மறந்துபோயிற்று.

மற்றப் பக்கமும் அதே நேரத்தில் கதவைச் சாத்தியது. வேதாகமச் சங்கங்களைக் கண்டித்துத் திருத்தந்தையர் 12ஆம் லியோ 1824இலும், 16ஆம் கிரகோரி 1844இலும் சுற்றுமடல் எழுதினார்கள். 1864இல் 9ஆம் பத்திநாதர் வெளியிட்ட தவறுகளின் பட்டியலில் அந்தச் சங்கங்கள் கம்யூனிசத்தோடும் இரகசியச் சங்கங்களோடும் ஒரே தலைப்பில் நின்றன. அதே நூற்றாண்டில்தான் கத்தோலிக்கர்களும் லத்தீனிலிருந்து தமிழ்ப் பெயர்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அச்சில் கொண்டுவந்தார்கள். அதில் ஏழும் இருந்தன. ஆக, லுத்தரன்காரர்கள் அச்சிட்டுக் கைவிட்டதைக் கத்தோலிக்கர் தாமதமாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் புத்தகத்தை மற்றவர் தொடுவதே பாவம் என்ற நிலை 20ஆம் நூற்றாண்டின் பாதி வரைக்கும் நீடித்தது.

வேதத்தை மாற்றினால் வரும் வேதனை ஆர்.சி.க்கும் புராட்டஸ்டண்டுக்கும் இடையில் மட்டும் இருந்ததில்லை. சரபோஜி மன்னரோடு சுவார்ட்ஸிடம் படித்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், 1820களின் இறுதியில் புதிய மிஷனெரிகளோடு மல்லுக்கு நின்றார். அவர் சொன்ன முறையீடுகளில் ஒன்று, பப்ரிசியுஸ் மொழிபெயர்த்த பழகிய வேதத்தை எடுத்துவிட்டுப் புதிய பெயர்ப்பைத் திணிக்கிறார்கள் என்பது. இன்னொன்று, சாதி வித்தியாசம் பார்க்காமல் நற்கருணை கொடுக்கிறார்கள் என்பது. முதல் முறையீட்டுக்கு நான் தலையாட்டுவேன். இரண்டாவதற்கு முடியாது. ரோமாபுரிக்கும் லுத்தரின் விட்டன்பர்க்குக்கும் நடுவே உள்ள பள்ளத்தைப் பற்றி மாநாடு போடுகிற நம் திருச்சபைகள், இரண்டு தெருக்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தைப் பற்றிப் பேச இன்றைக்கும் தயங்குவதற்கு ஒரு பழைய சாட்சி அது.

ஒன்றாக வேண்டும் என்ற குரலும் இந்தக் கரையிலிருந்தே எழுந்தது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய தென்னிந்தியத் திருச்சபைத் தலைவர்கள் 33 பேர் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். முன்னின்றவர்கள் ஆயர் அசரியாவும் வேதநாயகம் சந்தியாகுவும். கையெழுத்திட்டவர்களில் இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். நாங்கள் உண்டாக்காத பிரிவினைகளை எங்கள் தலையில் ஏன் சுமத்தினீர்கள் என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம். அந்த விதை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் சி.எஸ்.ஐ.யாக முளைத்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் சபைகள் ஒன்றாயின. ஆர்.சி. திருச்சபை இதையெல்லாம் வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தது. 1928இல் 11ஆம் பத்திநாதர் எழுதிய சுற்றுமடல், இந்த மாதிரி ஒன்றிப்புக் கூட்டங்களில் கத்தோலிக்கர் கலந்துகொள்ளவே கூடாது, பிரிந்தவர்கள் திரும்பி வருவது ஒன்றே வழி என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தது.

அந்தக் கண்டிப்பு தளர்ந்தது திருத்தந்தை 23ஆம் யோவான் காலத்தில். 1960இல் கிறிஸ்தவ ஒன்றிப்புக்கென ஒரு செயலகம் வைத்து, ஜெர்மானிய வேத அறிஞரான கர்தினால் பெயாவை அதன் தலைவராக்கினார். ஒன்றிப்புக்கு வேத அறிஞர் ஒருவரைத் தேர்ந்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. 1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் ஒன்றிப்பு பற்றிய ஏட்டை நிறைவேற்றியது. ஆதரவு 2137 வாக்கு, எதிர்ப்பு 11.

அந்த ஏடு சொன்னவற்றில் இங்கே தேவையானவை மட்டும். பிரிவுக்குக் குற்றம் இரண்டு பக்கமும் உண்டு, அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். பிற சபைகளில் பிறந்து வளர்ந்தவர்கள் மீது அந்தக் குற்றத்தைச் சுமத்தக்கூடாது. முறையாகத் திருமுழுக்குப் பெற்றவர் எவரும் கத்தோலிக்கத் திருச்சபையோடு உறவில் இருக்கிறார், அந்த உறவு நிறைவானதாக இல்லாவிட்டாலும். அவர்கள் சபைகளையும் தூய ஆவியார் மீட்பின் கருவிகளாகப் பயன்படுத்துகிறார். அவர்கள் வேதத்தின் மீது வைத்திருக்கும் பற்று போற்றத்தக்கது. கிறிஸ்தவ நம்பிக்கையின் மையத்தோடு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து உண்மைகளுக்கிடையே படிநிலை உண்டு. நேற்றுவரை 'பதிதர்', இன்று 'பிரிந்த சகோதரர்'. ஆனால் திருச்சபை தன் பழைய உரிமைக் கோரிக்கையையும் விடவில்லை. கிறிஸ்து நிறுவிய ஒரே திருச்சபை கத்தோலிக்கத் திருச்சபையில் நிலைத்திருக்கிறது என்று அதே ஆண்டில் இன்னொரு ஏட்டில் எழுதியது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் கத்தோலிக்க நிலைப்பாட்டின் சிக்கல், அதன் நேர்மையும்கூட.

ஏழு நூல்களுக்கு விடிவு வந்தது அடுத்த ஆண்டு. 1965 நவம்பர் 18 அன்று வந்த இறை வெளிப்பாடு பற்றிய ஏட்டின் 22ஆம் பகுதி, பிரிந்த சகோதரர்களோடு சேர்ந்தே மூல மொழிகளிலிருந்து வேதத்தை மொழிபெயர்க்கலாம் என்றது. 1968இல் வத்திக்கான் செயலகமும் ஐக்கிய வேதாகமச் சங்கங்களும் உட்கார்ந்து அதற்கான நெறிமுறைகளைக் கையெழுத்திட்டன. நூறாண்டுக்கு முன் கம்யூனிஸ்டோடு ஒரே பட்டியலில் இருந்த சங்கங்களின் கூட்டமைப்புதான் அது! அடிக்குறிப்பில் எந்தத் தரப்பின் கோட்பாட்டையும் திணிக்கக்கூடாது என்பது முதல் முடிவுகளில் ஒன்று. ஏழு நூல்களை எங்கே வைப்பது என்பதும் பேசப்பட்டது. கத்தோலிக்கர் வழக்கப்படி பழைய ஏற்பாட்டுக்குள் கலந்து வைத்தால் புராட்டஸ்டண்ட் வாங்கமாட்டார். விட்டுவிட்டால் ஆயர் ஒப்புதல் தரமாட்டார். பழைய ஏற்பாட்டுக்குப் பிறகு, புதிய ஏற்பாட்டுக்கு முன்னால், தனிப் பகுதியாக வைப்பது என்று முடிவாயிற்று. 1534இல் லுத்தர் வைத்த அதே இடம்.

தமிழில் அந்த வேலையைத் திண்டிவனத்தில் உள்ள தமிழக விவிலிய மறைக்கல்வி திருவழிபாட்டு நடுநிலையமும் இந்திய வேதாகமச் சங்கமும் சேர்ந்து எடுத்துக்கொண்டன. இரு தரப்பு அறிஞர்களும் ஒரே மேசையில் ஆண்டுக்கணக்கில் உழைத்து 1995இல் 'திருவிவிலியம்' வெளிவந்தது. 'பொது மொழிபெயர்ப்பு' என்று அட்டையிலேயே போட்டிருந்தது. மலாக்கி முடிந்ததும் இணைத் திருமுறை நூல்கள், அதன் பிறகு மத்தேயு. விட்டுக்கொடுத்ததில் ஆர்.சி. பக்கமே அதிகம் என்பது என் கணக்கு. இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த அப்போஸ்தலர்கள் பேதுரு, பவுல், யோவான் ஆனார்கள். டெல்டாக் கிராமங்களில் சின்னப்பன்களும் இராயப்பன்களும் அருளப்பன்களும் இன்னும் ரேஷன் அட்டையில் இருக்கிறார்கள், தங்கள் வேதப் புத்தகத்தில் இல்லை. புராட்டஸ்டண்ட் பக்கம் 'தேவன்' போய்க் 'கடவுள்' வந்தது, அந்த ஏழும் உள்ளே வந்தன. அதே 1995 மே 25 அன்று இரண்டாம் ஜான் பால் ஒன்றிப்பு பற்றிச் சுற்றுமடல் எழுதினார். ஒன்றிப்புக்குத் தடையாக இருக்கும் தன் பதவியையே எப்படி நடத்தலாம் என்று பிற சபைத் தலைவர்களிடம் அதில் யோசனை கேட்டார்.

சரி, பொது மொழிபெயர்ப்பு பொதுவானதா? இல்லை. ஆர்.சி. கோவில்களில் பீடத்திலும் வீடுகளிலும் அதுதான். லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகளிலோ 1871இன் பெயர்ப்பை அசைக்க முடியவில்லை. மனப்பாடமாகிவிட்ட சங்கீதத்தை யார் மாற்றிக்கொள்வார்கள்? சாஸ்திரியார் அன்றைக்குப் போட்ட சண்டையின் நியாயம் இன்றும் உயிரோடு இருக்கிறது. போதாததற்கு 2000இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட ஓர் ஏடு, செல்லுபடியான ஆயர் மரபும் நற்கருணையும் இல்லாத சபைகளைச் சரியான பொருளில் 'திருச்சபை' என்று சொல்ல முடியாது, 'திருச்சபைச் சமூகங்கள்' என்றே சொல்ல வேண்டும் என்றது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு அந்தக் குறை சொல்லப்படவில்லை. இறையியல்படி அது புதிய போதனை அல்ல என்று விளக்கினார்கள். இருக்கலாம். 300 ஆண்டுகளாகத் தரங்கம்பாடியில் ஜெபித்து வரும் ஒரு சபையிடம் போய், நீங்கள் திருச்சபை அல்ல, சமூகம் என்று சொன்னால் அவர்கள் காதில் அது எப்படி விழும் என்பது வேறு விஷயம்.

இந்தச் சூழலில்தான் கல்யாண வீட்டுக்கு வருகிறோம். திருமுழுக்குப் பெற்ற பிற சபையாரைக் கத்தோலிக்கர் மணம் முடிக்க ஆயரின் அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். அது மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். அவர் சபையில் பெற்றதே செல்லும். 1993இல் வந்த ஒன்றிப்பு வழிகாட்டி, இப்படிப்பட்ட கல்யாணத்தை வழக்கமாகத் திருப்பலி இல்லாமல் நடத்தச் சொல்கிறது. காரணம் மனிதாபிமானமானது. நன்மை வாங்கும் நேரம் வந்தால் கோவிலில் பாதிப் பேர் எழுந்து போவார்கள், பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாளில் அந்தப் பிளவை எல்லார் கண்ணுக்கும் காட்ட வேண்டாம்.

அப்பமும் ரசமும் பகிர முடியாத அந்தக் கோவிலில் இரு வீட்டாருக்கும் பொதுவாக மிஞ்சுவது வாசகமும் ஜெபமும்தான். இரண்டு பேர் பட்டியலிலும் உள்ள நூல் எத்தனையோ இருக்க, அங்கே போய் ஒரு பட்டியலில் மட்டும் உள்ள தோபித்தைப் படிப்பது பொருத்தமா என்று கேட்கலாம். எனக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது. நீங்கள் வேதம் என்று ஏற்காவிட்டாலும் உங்கள் முன்னோர் ஈயம் உருக்கி, காகிதம் சேர்த்து 1728இல் அச்சிட்ட நூல் இது என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லலாம். அதைச் சொல்லத் தெரிந்த பங்குச் சாமியார் எத்தனை பேர் என்பது தெரியாமல் நான் புகழப் போவதில்லை.

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். மக்கபேயரைப் படிப்பவர்களும் படிக்காதவர்களும் பல ஊர்களில் அன்றைக்குச் சாமந்திப் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போகிறார்கள். உத்தரிக்கிற ஸ்தலம் உண்டா இல்லையா என்று நூற்றாண்டுகளாக நடக்கும் வழக்கு இன்னும் தீரவில்லை. புல்லைப் பிடுங்கிக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பதில் கருத்து வேறுபாடு கிடையாது.

ஏழு நூல்களையும் நடுவில் வைத்த அந்த முடிவை மழுப்பல் என்பவர்கள் இரு பக்கமும் உண்டு. அது மழுப்பல் அல்ல என்பதே என் தீர்ப்பு. யாரும் தம் நம்பிக்கையை விற்கவில்லை. வேதம் என்பவருக்கு வேதமாகவும், நல்ல புத்தகம் என்பவருக்கு நல்ல புத்தகமாகவும் அது ஒரே பைண்டுக்குள் இருக்கிறது. வத்திக்கான் ஏட்டின் நீண்ட வாக்கியங்கள் செய்ய நினைப்பதை அந்தப் பக்க வரிசை செய்து காட்டிவிட்டது. எடுத்துப் படிக்காமல் இருப்பது மட்டுமே குறை. தை மாதம் பொங்கல் முடிந்த கையோடு, ஜனவரி 18 முதல் 25 வரை, கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் அனுசரிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் கூட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொற்பொழிவை அரை மணி குறையுங்கள். ஆர்.சி.காரர்கள் ஐக்கிய மொழிபெயர்ப்பிலிருந்து நாலு சங்கீதம் வாசியுங்கள், அந்தத் தமிழின் ஓட்டத்துக்காகவாவது. லுத்தரன், சி.எஸ்.ஐ. அன்பர்கள் பக்கத்து வீட்டுத் திருவிவிலியத்தை இரவல் வாங்கி மலாக்கிக்கு அடுத்த பக்கத்தைத் திறங்கள். 14 அதிகாரம்தான், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.